ஏலத்தோட்டப் பிக்கப்புக்கு எந்த முன் ஆக்ஸில்? பூப்பாறைப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடுக்கி மாவட்டத்தில் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து விலகி மேலே ஏறும் ஏலக்காய்த் தோட்டம் அது. உரிமையாளர் குடும்பத்துக்குச் சொந்த ஊர் போடி. தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோரும் போடி, தேவாரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். காய் உலர்த்தும் ஸ்டோர் வரை தார் ரோடு இருக்கிறது. அதற்கு மேல் மண்பாதை. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் சரிவு. நடுவில் பாறை தலைநீட்டும் இடங்கள், மழைத் தண்ணீர் அறுத்த இரண்டு பள்ளங்கள், வண்டியை ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப முடியும் என்ற அளவில் ஒரு வளைவு.

இந்தப் பாதையில் ஓடியது டபுள் கேபின் ஃபோர் வீல் பிக்கப், தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் டார்ஷன் பாரில் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி) நிற்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அதாவது முன் சக்கரம் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். உர மூட்டை, மருந்தடிக்கும் பம்பு, தண்ணீர் டிரம் எல்லாம் மேலே போகும். பச்சைக்காய் சாக்குகள் கீழே ஸ்டோருக்கு வரும். உலர்ந்த காயை ஏலம் விட்டு விற்கப் போடிக்கோ புற்றடிக்கோ கொண்டுபோவதும் இதே வண்டிதான். அதனால் வாரம் ஒருமுறையாவது போடிமெட்டு இறங்கி ஏறும்.

அடுத்தடுத்த இரண்டு மழைக்காலங்களில் முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்தது, உள்ளே சேறு புகுந்தது, சக்கரம் திரும்பினாலும் சுற்றலைக் கடத்தும் சி.வி. ஜாயிண்ட் போனது. மூன்றாவது முறை ஜாயிண்ட் உடைந்தது காய் எடுப்பு நடக்கும்போது. வண்டி மேலேயே நின்றுவிட்டதால் சாக்குகளைத் தலைச்சுமையாக இறக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் உரிமையாளர் ஒரு முடிவோடு வந்தார். தனித்தனி சஸ்பென்ஷனை முழுதாகக் கழற்றிவிட்டு ஜீப்பில் இருப்பதுபோல சாலிட் முன் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டி அச்சு, போட வேண்டும். எது போடுவது என்று பார்த்துச் சொல்லும்படி போடியில் உள்ள பட்டறைக்காரரையும் என்னையும் கேட்டார்.

வண்டியில் பார்த்தது

ஆக்ஸில் தேடப் போகும் முன் ஜாயிண்ட் ஏன் போகிறது என்று பார்த்தோம். முன்பக்கம் கம்பெனி கொடுத்த உயரத்தைவிட நன்றாகத் தூக்கி இருந்தது. முந்தைய டிரைவர் டார்ஷன் பாரின் அட்ஜஸ்ட் போல்ட்டை முறுக்கி ஏற்றியிருக்கிறார். பாறையில் அடி வாங்காமல் இருக்கச் செய்தது அது.

இப்படி முறுக்கினால் உயரம் கூடும், ஸ்பிரிங்கின் பலம் கூடாது. சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த இடத்தைத்தான் அந்த உயரம் தின்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கை உடனே எல்லைத் தடுப்பான ஸ்டாப்பில் இடிக்கும், ஷாஃப்ட் எப்போதும் சாய்ந்தே சுற்றும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஃபோர் வீலில் ஏற்றத்தில் மிதிக்கும்போது ஜாயிண்ட் தாங்கக்கூடிய கோணத்தின் விளிம்பில் நிற்கும். பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிவதும் அதனால்தான். ஆக, உடைந்ததற்குப் பாதிக் காரணம் அந்த போல்ட்டில் இருந்தது.

மீதிப் பாதி உண்மையிலேயே சஸ்பென்ஷன் வகையைச் சேர்ந்தது. தனித்தனி சஸ்பென்ஷனில், இரண்டு சக்கரத்துக்கும் சுற்றலைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு கட்டியிருக்கும். பாரம் ஏற ஏற வண்டியோடு அதுவும் தாழும். மூட்டை ஏற்றாமல் பாறையைத் தாண்டிய வண்டி, மூட்டையோடு அதே பாறையில் அடியை உரசுகிறது. சாலிட் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயரின் உயரம் தீர்மானிக்கிறது. டயர் அமுங்கும் அளவைத் தவிர, பாரத்தால் அது மாறாது. ஒரு சக்கரம் மேலே ஏறினால் மறு சக்கரத்தை அது கீழே அழுத்தும், பிடி விடாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் பழைய பட்டை ஜீப்புகள் இன்றும் அந்தப் பாதையில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே உரிமையாளரின் ஆசையில் நியாயம் இருந்தது.

எந்த ஆக்ஸில்?

உரிமையாளரின் மகனுக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் அதிகம். அமெரிக்கப் பிக்கப்களில் போடும் டானா 44, டானா 60 ஆக்ஸில்களைப் பற்றி நன்றாகப் படித்து வைத்திருந்தார். "போடுறதே போடுறோம், பெருசாவே போட்டுரலாம்ணே" என்பது அவர் கட்சி. பட்டறைக்காரர் அமைதியாக ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, உங்க வண்டியில முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் வருது?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லோரும் பலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் ஆக்ஸிலைத் தேர்ந்தெடுப்பதில் பாதிக்கு மேல் வண்டியில் ஏற்கெனவே இருக்கும், எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பின் ஆக்ஸிலும் முடிவு செய்துவிடுகின்றன. அமெரிக்காவிலேயே இது பெரிய பிரிவினை. 1978, 1979 ஃபோர்டு பிக்கப்களின் டானா 44 ஆக்ஸிலில் உருண்டை இடப்பக்கம் இருக்கும். அதே காலத்து செவர்லே ஃபோர் வீல் பிக்கப்களில் வலப்பக்கம். இரண்டும் நல்ல ஆக்ஸில்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

நம் பிக்கப்பில் முன் ஆக்ஸிலுக்குப் போகும் நீள ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸின் இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டது. கைக்கு எளிதாகக் கிடைக்கும் ஆக்ஸில், அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த ஜீப்புடையது. மஹிந்திரா 1940-களின் கடைசியிலிருந்தே ஜீப் கட்டி வருவதால் அந்த வழி வண்டிகளின் சாமான் கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். கம்பம், தேனிப் பட்டறைகளில் அதைத் திறந்து மூடத் தெரிந்த கைகள் ஏராளம். ஆனால் அந்த வழி ஜீப்பில் டானா 18 வகை டிரான்ஸ்ஃபர் கேஸ் வலப்பக்கம் தள்ளித்தான் ஷாஃப்ட்டை வெளியே விடுகிறது. முன் ஆக்ஸிலின் உருண்டையும் வலப்பக்கம்.

"அப்ப ஆக்ஸிலைக் குப்புறத் திருப்பிப் போட்டா உருண்டை இந்தப் பக்கம் வந்துருமே?" என்று மகன் கேட்டார். வரும். ஆனால் ஷாஃப்ட் முன்பு சுற்றிய திசையிலேயே சுற்ற, சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். பின் சக்கரம் முன்னே தள்ள, முன் சக்கரம் பின்னே இழுக்கும். வேறு வழி என்றால் ஹவுசிங் குழாய்களை அறுத்து, ஒரு பக்கம் நீட்டி மறுபக்கம் குறைத்து, சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஷாஃப்ட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். நேர் பார்க்கும் ஜிக் இல்லாமல் அறுத்து ஒட்டிய ஹவுசிங் சற்று வளைந்தாலும் சக்கரப் பேரிங்கும் டயரும் நிற்காது. போடியில் அந்த ஜிக் யாரிடமும் இல்லை.

அடுத்தது பல் கணக்கு. பிக்கப்பின் பின் டிஃபரன்ஷியலுக்குள் பெரிய பல் சக்கரமான கிரவுனில் 41 பல், அதைச் சுற்றும் சிறிய பினியனில் 10, அதாவது 4.10. உக்கடத்தில் பேசி வைத்திருந்த ஜீப் ஆக்ஸிலில் 39க்கு 8, அதாவது 4.88. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத சாதாரண ஃபோர் வீலில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். இந்தக் கணக்கில், பின் சக்கரம் 100 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் 84 சுற்றுதான் சுற்றும். சேற்றில் டயர் வழுக்கி ஓரளவு சமாளிக்கும், கெட்டித் தரையில் ஏதாவது ஒன்று உடையும். 4.10க்கும் 4.11க்கும் உள்ள வித்தியாசம் பொறுக்கக்கூடியது, இது அப்படியல்ல. முன்னே பின்னே ஏதாவது ஒரு கிரவுன்-பினியனை ஜோடியாக மாற்றியாக வேண்டும்.

அகலத்திலும் சிக்கல். பழைய ஜீப்பின் முன் சக்கர இடைவெளி 1.25 மீட்டருக்கும் குறைவு. பிக்கப்பின் பின் சக்கரங்கள் அதைவிடக் கையளவு வெளியே ஓடுபவை. முன் சக்கரம் மிதித்த தடத்தில் பின் சக்கரம் போகாது. சரிவோரத்தில் முன் சக்கரம் தப்பிய விளிம்பைப் பின் சக்கரம் மிதிக்கும்.

மாருதி ஜிப்ஸியின் ஆக்ஸிலையும் பார்த்தோம். அது சுமார் ஒரு டன் எடையுள்ள வண்டிக்குச் செய்தது. டீசல் எஞ்சினும் மூட்டையும் சுமக்கும் பிக்கப்பின் மூக்கை அதன் மேல் வைப்பது நியாயமாகப் படவில்லை. ராணுவம் கழித்த ஜோங்கா ஜீப்பின் ஆக்ஸில் ஒன்று கிடைப்பதாகச் சொன்னார்கள். பலத்தில் குறையில்லை. ஆனால் ஜோங்கா தயாரிப்பு 1999-ல் நின்றுவிட்டது. ஒரு பினியன் போனால் அடுத்த பினியனை எங்கே தேடுவது? காய் எடுப்பு நேரத்தில் வண்டி நிற்கக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும்.

பொருத்துவதில் உள்ள வேலை

ஒருவேளை இடப்பக்க உருண்டையோடு, அகலமும் பல்லும் ஒத்த ஆக்ஸில் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு பார்த்தோம். தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியில் எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப் தாழ்வாக இருக்கும், ஏனென்றால் அதன் கீழே எதுவும் மேலும் கீழும் ஆடுவதில்லை. சாலிட் ஆக்ஸில் போட்டால் உருண்டை மொத்தமாக மேலெழுந்து சம்ப்பை இடிக்கும். அதைத் தவிர்க்க வண்டியைத் தூக்க வேண்டும். நாங்கள் அளந்து பார்த்ததில் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் தூக்கினால்தான், ஆக்ஸில் மேலெழும்போது அடி தாங்கும் பம்ப் ஸ்டாப்புக்கு இடம் கிடைத்தது.

தோட்டப் பாதையில் பாதி தூரம் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுகிறது. பின்னால் மூட்டை, அதன் மேல் ஆட்கள். அந்தச் சாய்வில் நான்கு அங்குலம் உயர்ந்த வண்டியை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாறையில் அடி உரசுவது செலவு. சரிவில் கவிழ்வது உயிர்.

ஸ்டியரிங்கும் அப்படியே போட முடியாது. இந்த வண்டியில் இருந்தது ரேக் ஸ்டியரிங். மேலும் கீழும் ஆடும் ஆக்ஸிலோடு அது சேராது. சேஸிஸில் தனியாக ஸ்டியரிங் பாக்ஸ் உட்கார வைத்து, அதன் கையான டிராப் ஆர்மிலிருந்து, எதிர்ப்பக்கச் சக்கரத்தைத் திருப்பும் நக்கிளுக்கு டிராக் லிங்க் என்ற நீளமான கம்பி போட வேண்டும். அந்த லிங்க் குட்டையாகவோ சரிவாகவோ அமைந்தால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வர உதவும் காஸ்டர் கோணம் ஐந்து டிகிரி சுமாருக்கு வர வேண்டும். ஆனால் ஷாஃப்ட் நேராக வர பினியனை மேலே தூக்கினால் காஸ்டர் குறையும், காஸ்டரைக் கூட்டினால் பினியன் தாழும். இரண்டும் சரியாக வர நக்கிளை அறுத்துத் திருப்பி ஒட்ட வேண்டும். போடிமெட்டுக் கொண்டை ஊசிகளில் இறங்கப்போகும் வண்டியின் நக்கிளில் அந்த ஒட்டு இருக்கும்.

சட்டம்

"தோட்டத்துக்குள்ளதானே ஓடப்போகுது" என்றார் உரிமையாளர். ஆனால் காய் போடிக்குப் போயாக வேண்டும், வண்டி செக்போஸ்ட் தாண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவு பதிவு தேவைப்படும் இடத்தைப் பொது இடத்தோடு நிறுத்தவில்லை, வேறு எந்த இடத்தையும் சேர்த்தே சொல்கிறது. 52-வது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கண்டிப்பானது என்பதை மலைப்பாதை வண்டிக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

எடுத்த முடிவு

பிக்கப்பில் சாலிட் ஆக்ஸில் போடுவதில்லை. அதற்கு ஒதுக்கிய பணத்தில், கம்பெனியிலிருந்தே சாலிட் முன் ஆக்ஸிலோடு வந்த ஒரு பழைய நீள ஜீப்பை வாங்குவது. பிக்கப் ஸ்டோர் வரையிலும் போடி வரையிலும் ஓடும். ஸ்டோருக்கு மேலே ஜீப் மட்டும்.

மகனுக்கு இதில் வருத்தம்தான். அவரை மசிய வைத்தது பட்டறைக்காரர் சொன்னது: "ஆக்ஸில் மட்டும் வாங்கினா மிச்சத்தை எல்லாம் நாம செய்யணும் தம்பி. வண்டியோட வாங்கினா பக்கம், அகலம், பல்லு, ஸ்டியரிங், உசரம் எல்லாம் ஏற்கெனவே ஒண்ணுக்கொண்ணு பேசி முடிஞ்சிருக்கு."

பிக்கப்பின் டார்ஷன் பாரைக் கம்பெனி உயரத்துக்கே இறக்கினோம். இரண்டு பக்கமும் பூட், ஜாயிண்ட், தேய்ந்துபோன பம்ப் ஸ்டாப் மாற்றி, அலைன்மென்ட் பார்த்தாயிற்று. அட்ஜஸ்ட் போல்ட்டில் பெயின்ட் அடையாளம் வைத்தோம், யாராவது திருப்பினால் தெரியும்.

வாங்கிய ஜீப்பில் கண்டது

தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஜீப் அது. 15 ஆண்டு கடந்து, 5 ஆண்டுக்குப் பதிவு புதுப்பித்த வண்டி. தடையில்லாச் சான்று வாங்கி கேரளத்துக்கு மாற்றினார்கள். ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. ஃபோர் வீல் போட்டு ஸ்டோர் முற்றத்தில் ஓட்டியபோதுதான் ஸ்டியரிங் கல்லாக இறுகியது, லிவர் வெளியே வர மறுத்தது. சற்றுப் பின்னால் எடுத்த பிறகே விட்டது.

சந்தேகம் பல் கணக்கில்தான். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு, மறு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி 2 சுற்று கையால் சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் கிரவுன்-பினியன் விகிதம். முன்னால் ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பின்னால் ஐந்தைத் தாண்டியது. திறந்து எண்ணியபோது முன்னால் 39க்கு 8, பின்னால் 43க்கு 8. முன்பு வைத்திருந்தவர்களில் யாரோ பின் கிரவுன் போனபோது கிடைத்ததைப் போட்டு, ஃபோர் வீல் போடாமலேயே ஓட்டியிருக்கிறார்கள். ஃபோர் வீலில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடப் பத்து சதவீதம் வேகமாகச் சுற்றப் பார்த்திருக்கிறது.

இரண்டையும் 5.38 ஆக்கினால் ஏற்றத்துக்கு நல்லது என்று டிரைவர் விரும்பினார். ஆனால் வண்டிக்குரியது 4.88. ஏற்றத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியர் இருக்கிறது. பின்னால் 39க்கு 8 ஜோடியாகப் போட்டோம். மெல்லிய தகடான ஷிம் வைத்து, பல்லில் நீலம் பூசிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழும்வரை பட்டறைக்காரர் விடவில்லை. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. அவசரப்பட்ட கிரவுன் முதல் மாதத்திலேயே கத்தும்.

முன் ஆக்ஸிலில் கிங் பின் பேரிங், நக்கிள் சீல், ஷாஃப்ட் கிராஸ் மாற்றினோம். முன் பட்டைகளுக்குப் புது புஷ், புது யூ போல்ட்.

அடுத்த மழைக்காலம்

ஜூன் முதல் காய் எடுப்பு முடியும்வரை ஜீப் மேலே ஓடியது. முன் ஆக்ஸிலின் உள்ளே எதுவும் உடையவில்லை. ஒரு பக்க நக்கிள் சீல் ஒழுகியது. ஆகஸ்டில் இடப்பக்க மெயின் பட்டை உடைந்தது. பூப்பாறையிலேயே பட்டை கிடைத்து, மறுநாள் வண்டி ஓடியது. பிக்கப்பின் பூட் இரண்டும் சேதமில்லாமல் இருக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜீப்பில் ஆட்களுக்கு உடம்பு குலுங்குகிறது. டிரம் பிரேக்கில் சேறு ஏறினால் இறக்கத்தில் பிடி தாமதமாகிறது, ஒவ்வொரு வாரமும் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. ஸ்டோரில் சாக்குகளை வண்டி மாற்றி ஏற்ற ஒரு ஆள் கூடுதலாகத் தேவைப்படுகிறார். பாறையில் சக்கரம் அடிக்கும்போது ஸ்டியரிங் கையை உதறுகிறது என்று டிரைவர் சொல்கிறார். சாலிட் ஆக்ஸிலில் இது ஓரளவு இருக்கத்தான் செய்யும். கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே வைத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

உக்கடத்து ஆக்ஸிலுக்கு அளவு எடுக்கும் முன்பே முன்பணம் போய்விட்டது, அதில் பாதிதான் திரும்பியது. எந்தக் கடைக்கும் போகும் முன் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக்கொண்டு போக வேண்டும்: ஷாஃப்ட் வரும் பக்கம், பின் கிரவுன்-பினியன் பல், சக்கர இடைவெளி, வீல் போல்ட் எண்ணிக்கையும் வட்டமும், சம்ப்புக்குக் கீழே உள்ள இடம்.

பழைய ஃபோர் வீல் வாங்குகிறவர் பணம் கொடுக்கும் முன்பே அந்த ஜாக்கிச் சோதனையைச் செய்துவிட வேண்டும். கால் மணி நேரம் கூட ஆகாது. இந்த ஜீப்பில் அதைச் செய்திருந்தால் பின் கிரவுன் செலவு விலையில் கழிந்திருக்கும்.

ஜீப்பில் ஆட்களையும் மூட்டையையும் சேர்த்து ஏற்றுவது இன்னும் நிற்கவில்லை. வரும் காய் எடுப்புக்கு முன் ஆட்களுக்குத் தனி நடை, சாக்குக்குத் தனி நடை என்று பிரிக்க உரிமையாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் அறுத்த இரண்டு பள்ளங்களுக்கும் கல் அடுக்கும் வேலை மார்ச்சில் தொடங்குகிறது.